வெத்தலை போட்டு கெட்டுப்போன பல்லுக்கு செராமிக் கேப், ரங்கூன் பக்கம் போட்டவங்க சொல்லுங்க

சிரியம்_வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். நான் சிரியத்துல இருக்கேன், இப்ப போர்டுல தான்லியின்னு எழுதுறாங்க நமக்கு சிரியம்தான். வயசு 46. வாரநாள்ல சின்னதா மோட்டார் சாமான் கடை, ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லிக்குடுக்குறேன், சம்பளம் எல்லாம் கிடையாது டீயும் வடையும்தான்.

விஷயத்துக்கு வர்றேன். 22 வருஷம் கூன்யா, அதான் வெத்தலை பாக்குப் பொட்டலம், போட்டவன் நான். போயில சேத்துத்தான். கடையில உக்காந்தா ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு பொட்டலம் எப்படிப் போச்சுன்னே தெரியாது. இப்ப எட்டு மாசமா தொடல, அத ஏன் விட்டேன்னு தனியா ஒரு கதை. விட்ட அப்புறம்தான் வாய்க்குள்ள என்ன மிச்சம் இருக்குன்னு கண்ணாடியில பாத்தேன். கீழ வலது பக்கம் கடவாப்பல்லு பாதி உடைஞ்சு ஒரு பக்கச் சுவர் மட்டும் நிக்குது. கீழ இடது பக்கம் தேஞ்சு தேஞ்சு அம்மிக்கல்லு மாதிரி மொழுமொழுன்னு இருக்கு, பச்சத்தண்ணி பட்டா உயிர் போகுது. மேல முன்பல்லு ரெண்டுல ஒண்ணு மழக்காலத்துல சைக்கிள்ல இருந்து விழுந்து குறுக்கால பாதி போச்சு, இன்னொண்ணுல பெருசா அடைச்சு வச்சிருக்கு, அந்த அடைப்பு கருத்துப்போயிடுச்சு.

கடவாப்பல்லு வலியக்கூட பொறுத்துப்பேன். முன்பல்லுதான் மானத்த வாங்குது. "ச" சொன்னா விசில் வருது. "சங்கு" "சட்டி" எல்லாம் விசிலோட போகுது. போன மாசம் ஒரு சின்னப்பிள்ளை, ஏழு வயசு, நான் சொன்னத அப்படியே விசிலோட திருப்பிச் சொல்லுச்சு. கிண்டல் இல்லீங்க, அது அதுதான் சரியான உச்சரிப்புன்னு நெனச்சு சொல்லுது. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அந்தப் பிள்ளைங்களுக்கு வீட்டுல பர்மாதான், தமிழ் காதுல விழுறதே என் வாயில இருந்துதான், அதுவும் விசிலோட போனா நாளைக்கு ஊருல நம்ம தமிழே விசில் தமிழாயிடும்.

ரெண்டு இடத்துல காமிச்சேன். ஒரு கிளினிக்குல மேல முன்னாடி ஆறு பல்லுக்கும் கீழ ரெண்டுக்கும் ஆக மொத்தம் எட்டு ஜிர்கோனியா கேப் (அது ஒரு கெட்டிப் பீங்கான் ஜாதி), மூணே நாள்ல முடிச்சுத் தர்றோம்னாங்க. இன்னொரு இடத்துல ஒரு ஸயாமா, அதாவது லேடி டாக்டர், வயசானவங்க, பொறுமையா பாத்துட்டு "முதல்ல வேர்ல என்ன இருக்குன்னு எக்ஸ்ரே பாக்கணும், எத்தனை பல்லு காப்பாத்தலாம்னு அப்புறம் சொல்றேன்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. எட்டு கேப்புக்கு சொன்ன ரேட்டு எங்கடையில ஆறு மாச லாபம். என் கேள்வி, ஜிர்கோனியா நல்லதா, ஈமேக்ஸ்னு ஒண்ணு சொல்றாங்களே அது நல்லதா, உள்ள இரும்பு வச்ச பழைய பீங்கான் கேப் போதுமா? எத்தனை வருஷம் வரும்? நல்லா இருக்குற பல்லையும் சேத்து ராவணுமா? யாராவது போட்டவங்க சொல்லுங்க. நீளமா எழுதிட்டேன் மன்னிச்சுக்கங்க.


மோல்மேன்_செல்வி

அண்ணே வணக்கம். அந்தப் பிள்ளை கதையப் படிச்சு சிரிச்சுட்டேன், அப்புறம் கஷ்டமாவும் போச்சு.

நான் போட்டிருக்கேன், என் அனுபவத்த சொல்றேன். 2011ல மேல ஒரு முன்பல்லுக்கும் பக்கத்துல கடவாப்பல்லு ஒண்ணுக்கும் உள்ள இரும்பு வெளிய பீங்கான் வச்ச கேப் போட்டேன். அப்ப அதான் இங்க கெடைக்கும். முதல் நாலஞ்சு வருஷம் ஒரு குறையும் இல்ல, யாரும் கண்டுபிடிக்கக்கூட இல்ல. அப்புறம் ஈறு கொஞ்சம் மேல ஏறுச்சு, ஏறின இடத்துல கேப்போட ஓரத்துல கருப்பா ஒரு கோடு. சிரிச்சா பல்லுக்கு மை இட்ட மாதிரி. ஃபோட்டோ எடுத்தா வாய மூடிக்குவேன்.

கடவாப்பல்லு கேப் போனது என் வாய்க்கொழுப்பு. லஃபெத், அதான் ஊறவச்ச டீ இலை, சாப்பிடும்போது அந்த வறுத்த அவரைக்கொட்டை இருக்குல்ல, கல்லு மாதிரி, அத நறுக்குன்னு கடிச்சேன், பீங்கான் ஒரு சில்லு பேந்து வந்து உள்ள இருக்குற இரும்பு பளபளன்னு தெரியுது. அதோட ஓட்டிட்டு இருந்தேன், வலி இல்லையேன்னு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரே நாத்தம், என்னன்னு பாத்தா கேப்புக்கு அடியில ஓரத்துல சொத்தை புகுந்து உள்ள பல்லு வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு. கேப் போட்டாச்சு இனி அந்தப் பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சு அந்த இடத்துல நூல் விட்டு சுத்தமே பண்ணல நான். கேப்புக்கு சொத்தை வராது, கேப்பும் பல்லும் சேர்ற விளிம்புல வரும்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பல்ல எடுத்துட்டாங்க.

அதனால எந்த கேப்புன்னாலும் போடுங்க அண்ணே, ஆனா எட்டுன்னு சொன்ன இடத்துக்கு மட்டும் போகாதீங்க. உடைஞ்சது மூணு நாலு, எட்டு எதுக்கு?


பெகு_பெரியவர்

தம்பி, எங்கப்பாரு 1958ல போட்ட தங்கப்பல்லு, 1999ல அவர எரிக்கிற அன்னிக்கும் அப்படியேதான் இருந்துச்சு. அந்தக்காலத்துல ரங்கூன்ல கொஞ்சம் காசு வந்தா முதல்ல மோதிரம், அப்புறம் தங்கப்பல்லு. சிரிச்சா அந்தஸ்து தெரியும். இப்ப எல்லாம் வெள்ளையா வேணும் வெள்ளையா வேணும்னு பீங்கான வச்சு அஞ்சு வருஷத்துல உடைச்சுக்கிறாங்க.

என்னக் கேட்டா உடைஞ்சத பிடுங்கிட்டு கழட்டி மாட்டுற பிளேட்டு போட்டுட்டு போங்க. செலவு கம்மி. நான் பதினாறு வருஷமா அப்படித்தான். ராத்திரி டம்ளர்ல போட்டுட்டு தூங்குறேன். ஒரு தடவை பேத்தி அந்தத் தண்ணிய ரோஜாச்செடிக்கு ஊத்திட்டா, பல்லும் சேந்து போச்சு, தோட்டத்துல தேடி எடுத்தோம். அத விடுங்க.


பல்_தம்பி

வாத்தியார் ஐயா, நான் பல் டாக்டர்தான், ரங்கூன் டென்டல் யுனிவர்சிட்டில படிச்சேன், இப்ப வேற ஊர்ல வேலை. வாயப் பாக்காம இன்னது செய்ங்கன்னு சொல்ல மாட்டேன், எதக் கேக்கணும்னு மட்டும் சொல்றேன். பெருசா இருக்கும், டீ ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டு படிங்க.

எல்லாரும் கேப் எந்தப் பொருள்னுதான் முதல்ல கேக்குறாங்க. அது மூணாவது கேள்விங்க. முதல் கேள்வி ஈறுக்கு மேல உங்க சொந்தப் பல்லு எவ்வளவு மிச்சம் இருக்கு. உலக்கைக்கு பூண் போடுவாங்கல்ல, மரம் பிளக்காம இருக்க. கேப்பும் அந்த மாதிரிதான் பல்லப் பிடிக்குது. சுத்தி ஒண்ணரையில இருந்து ரெண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல்லு இருந்தா பூண் கவ்விப் பிடிச்சு நிக்கும். அது இல்லாம ஈறு மட்டத்தோட உடைஞ்ச பல்லுல உள்ள கம்பி வச்சு மேல சிமெண்டுக் குவியல் கட்டி அதுக்கு மேல எவ்வளவு ஒஸ்தியான ஜிர்கோனியா வச்சாலும், கடிக்கிற பாரம் முழுக்க அந்தக் கம்பிக்கும் வேருக்கும் போகுது, ஒரு நாள் கேப்பு கம்பியோட கையில வந்துடும் இல்லன்னா வேரு நெடுக பிளந்துடும். நெடுக பிளந்த வேருக்கு அப்புறம் வைத்தியம் கிடையாது, எடுக்கத்தான் வேணும். கேப் ஒரு கீறல் இல்லாம முழுசா இருக்கும், பல்லு போயிருக்கும்.

உங்க வலது கடவாப்பல்லு ஒரு சுவர் மட்டும் நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த மூணு பக்கமும் எவ்வளவு ஆழத்துல உடைஞ்சிருக்கோ அதான் அதோட தலையெழுத்து. கொஞ்சம் குறையா இருந்தா ஈறையும் எலும்பையும் லேசா செதுக்கி பல்ல வெளிய கொண்டுவரலாம், அதுக்கு க்ரௌன் லெங்தனிங்னு பேரு, ஆறிவர வாரக்கணக்கு ஆகும். ரொம்ப ஆழம்னா எடுத்துடுறது நேர்மை. அந்த வயசான ஸயாமா எக்ஸ்ரே பாத்துட்டு சொல்றேன்னு சொன்னது இதுக்குத்தான். அவங்ககிட்ட போங்க.

ரெண்டாவது கேள்வி வேர் உசுரோட இருக்கா. முன்பல்லுல அடிபட்டு உடைஞ்சது பல சமயம் வலி இல்லாமலே உள்ள நரம்பு செத்திருக்கும், வேர் நுனியில சீழ் பை இருந்தா எக்ஸ்ரேல கருப்பா தெரியும். அத பாக்காம மேல கேப் ஒட்டிட்டா நாளைக்கு வீங்கும்போது அந்த அழகான கேப்புலயே ஓட்டை போட்டு உள்ள போகணும். வேர் சிகிச்சை பண்ணின கடவாப்பல்லுக்கு கேப் அவசியம்னே சொல்லலாம், ஏன்னா உள்ள குடைஞ்சு குடைஞ்சு சுவர் மெலிஞ்சிருக்கும், கடிச்சா பிளக்கும். முன்பல்லுக்கு எப்பவும் வேணும்னு இல்ல. கம்பி வைக்கணும்னா இப்ப ஃபைபர் போஸ்ட் வருது, வெள்ளையா இருக்கும். வேருக்கு கம்பி பலம் குடுக்காது, மேல கட்டுற குவியலுக்கு பிடிமானம்தான் குடுக்குது. வேர் நுனியில நாலஞ்சு மில்லிமீட்டர் அடைப்ப தொடாம விட்டுட்டுத்தான் வைக்கணும்.

இப்ப பொருள். ஈமேக்ஸ்ங்கிறது லித்தியம் டைசிலிகேட், கண்ணாடி ஜாதி. வெளிச்சம் உள்ள போய் வர்ற மாதிரி இருக்கும், அதனால நிஜப்பல்லு மாதிரியே தெரியும், ஆசிட் வச்சு சொரசொரப்பாக்கி ரெசின் சிமெண்ட்ல பல்லோட ஒட்டிடலாம். முன்பல்லுக்கு அழகு. ஜிர்கோனியாவுக்கு பலம் அதவிட ரெண்டு மடங்குக்கு மேல, பழைய ஜாதி ஜிர்கோனியா 900 மெகாபாஸ்கல் தாண்டும், ஈமேக்ஸ் 400 500 கிட்ட. கடவாப்பல்லுக்கு பீங்கான் பூச்சு இல்லாத ஒரே கட்டி ஜிர்கோனியா போட்டா செல்வி அக்காவுக்கு பேந்த மாதிரி பேந்து வர மேல ஒண்ணும் இல்ல. பல்லையும் கம்மியா ராவினா போதும், ஒரு மில்லிமீட்டர் கிட்ட. ஆனா கடி சரிபாக்க வாயில வச்சு ராவினா அந்த இடம் உப்புத்தாள் மாதிரி ஆயிடும், அப்படியே விட்டா எதிர்ப்பல்ல அரைச்சுத் தின்னுடும். ராவினா திரும்ப பாலிஷ் போடுங்கன்னு வாய விட்டு கேளுங்க, கூச்சப்படாதீங்க.

பெரியவர் ஐயா, தங்கம் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. விளிம்பு அவ்வளவு நறுக்குன்னு உக்காரும், எதிர்ப்பல்லுக்கும் மெத்துனு இருக்கும், பின்னாடி கடவாப்பல்லுக்கு எங்க வாத்தியாருங்க கூட அவங்க வாய்க்கு தங்கம்தான் போட்டுக்கிட்டாங்க. இப்ப தங்கம் விக்கிற விலைக்கு யாருகிட்ட போய் சொல்றது.

எட்டு கேப் விஷயம். கேப்புக்கு ராவும்போது ஈறுக்கு மேல தெரியுற பல்லுல பாதிக்கு மேலயே போயிடும். அது திரும்ப முளைக்காது. கறை படிஞ்சிருக்குங்கிறதுக்காக நல்ல பல்ல ராவுறது செவுத்துல அழுக்குன்னு வீட்ட இடிக்கிற மாதிரி. மூணு நாளுங்கிறதும் எனக்கு ஒத்துவரல. கூன்யா போட்ட வாயில ஈறு வீங்கி ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருக்கும், அந்த ஈறுல அளவு எடுத்தா விளிம்பு சரியா விழாது. முதல்ல கிளீனிங், ஈறு ஆறணும், அப்புறம்தான் அளவு.

கடைசியா ஒண்ணு, பல்ல விட முக்கியம். வாயத் திறந்து உங்க மூணு விரல நிமித்தி வச்சு மேல் கீழ் முன்பல்லுக்கு நடுவுல நுழையுதான்னு பாருங்க. காரம் பட்டா எரியுதா, கன்னத்துக்கு உள்ள தடவினா கயிறு மாதிரி இறுக்கமா இருக்கா, வெள்ளத் தோல் இருக்கா பாருங்க. பாக்கால வர்ற சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்னு ஒண்ணு இருக்கு, வாய் கொஞ்சம் கொஞ்சமா பூட்டிக்கும், அதுல சிலருக்கு புத்துநோயா மாறும். போயில இல்லாம வெறும் பாக்கே புத்துநோய் வரவைக்கும்னு உலக சுகாதார அமைப்போட புத்துநோய் ஆராய்ச்சி ஏஜென்சி 2004லயே சொல்லிட்டாங்க. பயமுறுத்த சொல்லல, விட்டுட்டீங்க அதுவே பெரிய விஷயம். ஆனா கேப்புக்கு போற அன்னிக்கு இதையும் பாக்கச் சொல்லுங்க. வாய் மூணு விரல் திறக்கலன்னா பின்பல்ல ராவுறதுக்கு மெஷின் உள்ள போறதே கஷ்டம்.


சூலியா_பாய்_ரங்கூன்

சலாம் வாத்தியாரே. எதுக்கு இங்க கஷ்டப்படுறீங்க, மெட்ராஸ் போயிட்டு வாங்க. எங்க மச்சான் போன வருஷம் போனாரு, சொந்தக்காரங்களையும் பாத்தாச்சு பல்லும் கட்டியாச்சு, பீச் ரோட்டுல பர்மா பஜார் பக்கத்துல அத்தோ நூடுல்ஸும் சாப்பிட்டு, நம்மூரு அத்தோ மாதிரி இல்லன்னு திட்டிட்டும் வந்தாச்சு. பத்து நாள்ல அஞ்சு கேப்.

உண்மையச் சொல்லணும்னா ஒரு குறை. வந்து ஒரு வாரத்துல ஒரு கேப் கடிக்கும்போது மட்டும் முதல்ல இடிக்குதுன்னாரு. தலைமுடி அளவு உயரம்தான் ஆனா அந்தப் பல்லு சுர்ருன்னு வலி, தாடை எல்லாம் வலி. இங்க ரெண்டு டாக்டருங்க "வேற ஆளு வச்சத நாங்க தொட மாட்டோம்"னு சொல்லிட்டாங்க. மூணாவது ஒருத்தரு அஞ்சு நிமிஷம் ராவி விட்டாரு, வலி அன்னிக்கே போச்சு. அஞ்சு நிமிஷ வேலைக்கு ரெண்டு மாசம் அலைஞ்சாரு.


மோல்மேன்_செல்வி

பாய், அதத்தான் நான் சொல்ல வந்தேன். கட்டுனவங்க பக்கத்துல இருக்கணும். சிரியத்துல இருந்து பாலம் தாண்டுனா ரங்கூன், பத்து தடவ கூட போயிட்டு வரலாம். மெட்ராஸுக்கு அஞ்சு நிமிஷ வேலைக்கு எப்படிப் போறது, விசா டிக்கெட்டுன்னு கேப் விலைக்கு மேல ஆயிடும்.


லேப்_மணி

நான் பல் லேப்ல 14 வருஷமா இருக்கேன், நோயாளி முகத்த பாத்ததே இல்ல, பல்ல மட்டும்தான் பாப்பேன் :) டாக்டர் தம்பி சொன்னதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு அத நான் சொல்றேன், கலர்.

வாத்தியாரே உங்களுக்கு அந்த நாலு பல்லத் தவிர மிச்ச பல்லு எல்லாம் கூன்யா கறை. அந்தக் கறையோட டாக்டர் ஷேடு, அதாவது பல்லு நிறத்தோட நம்பர், எடுத்து அனுப்புனா நாங்க அதே செம்பழுப்புல கேப் செஞ்சு தருவோம், அப்புறம் நீங்க கிளீனிங் பண்ணினா மிச்ச பல்லு வெளுத்துடும் கேப் மட்டும் பழுப்பா நிக்கும், பீங்கான ப்ளீச் பண்ண முடியாது. அதனால முதல்ல கிளீனிங், கறை எடுத்து பல்லு நிறம் நிலைக்கு வந்ததுக்கு அப்புறம் ஷேடு. ஷேடு எடுக்கும்போது பகல் வெளிச்சத்துல, பல்லு ஈரமா இருக்கும்போது, ராவுறதுக்கு முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க. வாயத் திறந்துக்கிட்டு அரைமணி உக்காந்தா பல்லு காஞ்சு வெள்ளையா காட்டும், அப்ப எடுத்த ஷேடு பொய்.

இன்னொண்ணு, உள்ள ஏற்கனவே இரும்புக் கம்பியோ கருத்த வேரோ இருந்தா ஈமேக்ஸ் போடாதீங்க இல்லன்னா அத முன்கூட்டியே எங்களுக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்க. வெளிச்சம் ஊடுருவுறதுதான் அதோட அழகு, அதே வழியில உள்ள இருக்குற கருப்பும் சாம்பலா வெளிய தெரியும். அப்ப மறைக்கிற ஜாதி கட்டி எடுப்போம் இல்ல ஜிர்கோனியாவுக்கு மேல பீங்கான் பூசுவோம்.

மூணு நாள்ல எட்டு ஜிர்கோனியா எப்படின்னு யோசிச்சேன். கம்ப்யூட்டர்ல வரைஞ்சு மெஷின்ல கடையுறது சீக்கிரம் முடியும், சுடாத ஜிர்கோனியா சாக்பீஸ் மாதிரி மெத்துனு இருக்கும், அப்ப கடையுற அளவு நிஜத்த விட இருபது இருபத்தஞ்சு சதவீதம் பெருசா இருக்கும், ஃபர்னஸ்ல 1500 டிகிரி கிட்ட சுட்டா சுருங்கி அளவுக்கு வரும் கல்லாவும் ஆகும். அந்த சூளை சாதாரணமா ஏத்தி எறக்க ஏழு எட்டு மணி நேரம். இப்ப ரங்கூன்ல கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். நடுவுல கரண்ட் போயி ஜெனரேட்டர் மாத்துறதுக்குள்ள சூளை எறங்குனா அந்த கேப்ப நான் குப்பையில போடுவேன். எல்லாரும் போடுவாங்களான்னு தெரியாது. அவசரப்படுத்துனா அந்த அவசரம் எங்க ஃபர்னஸ்ல வந்துதான் முடியும், அதனால நாள் கேட்டா குடுங்க.


பெகு_பெரியவர்

1500 டிகிரியா! சுடுகாட்டுல கூட அவ்வளவு கிடையாது. அப்ப இந்தப் பல்லும் எங்கப்பாரு பல்லு மாதிரி மிஞ்சும் போல.


சிரியம்_வாத்தியார்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அஞ்சு வாரம் கழிச்சு எழுதுறேன், என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல.

அந்த ஸயாமாகிட்டயே போனேன். மூணு விரல் நுழையல தம்பி, ரெண்டரை. கன்னத்துக்குள்ள இடது பக்கம் லேசா கயிறு மாதிரி இருக்குன்னாங்க. ஒரு துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்க, அந்தப் பத்து நாள் நான் எப்படி இருந்தேன்னு எழுத முடியல, வீட்டுல யாருக்கும் சொல்லல, கடையில கணக்கு எல்லாம் தப்புத்தப்பா போட்டேன். புத்துநோய் இல்ல, ஃபைப்ரோசிஸ் ஆரம்பம். பாக்கு இனி வாழ்நாளுக்கும் தொடக்கூடாது, ஆறு மாசத்துக்கு ஒரு தரம் காமிக்கணும், வாய் திறக்குற பயிற்சி தினமும், ஐஸ்குச்சி மாதிரி மரக்குச்சிங்கள பல்லுக்கு நடுவுல ஒண்ணு ஒண்ணா அடுக்கி. கேப் பத்தி கேக்கத்தான் இங்க வந்தேன், தம்பி அந்தக் கடைசிப் பத்தி எழுதலன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது.

பல்லு கணக்கு இப்படி. வலது கடவாப்பல்லு போச்சு, நாக்குப் பக்கம் எலும்புக்குக் கீழ வரைக்கும் உடைஞ்சிருக்காம், பூண் போட மரமே இல்லைன்னு நான் சொன்னேன், ஸயாமாவுக்கு உலக்கைன்னா என்னன்னு பர்மாவுல சொல்லி வெளங்க வைக்க நேரமாச்சு, வெளங்குன உடனே சிரிச்சுட்டாங்க. எடுத்தாச்சு, அந்த இடம் இப்போதைக்கு காலி. இடது தேஞ்ச பல்லுக்கு வேர் நல்லா இருக்கு, அதுக்கு ஜிர்கோனியா. முன்னாடி உடைஞ்ச பல்லுக்கு நரம்பு செத்துத்தான் இருந்துச்சு, வேர் சிகிச்சை, ஃபைபர் போஸ்ட், ஈமேக்ஸ். பக்கத்துப் பல்லு பழைய கருப்பு அடைப்ப எடுத்துட்டு புதுசா வெள்ள அடைப்பு வச்சாங்க, கேப் வேண்டாம்னுட்டாங்க. ஆக மொத்தம் எட்டு இல்ல, ரெண்டு. கிளீனிங் மட்டும் மூணு தடவ. கறை போனப்போ கண்ணாடியில யாரோ ஒருத்தன் நிக்கிறான்.

இப்ப முன்னாடி டெம்பரவரி கேப் இருக்கு, பிளாஸ்டிக்குல செஞ்சது. ஒரு சந்தேகம். விசில் குறைஞ்சிருக்கு ஆனா முழுசா போகல, "ச"வுல இன்னும் லேசா காத்து வருது. நிரந்தர கேப் வந்தா சரியாயிடுமா?


பல்_தம்பி

ரிப்போர்ட் நல்லபடியா வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம் ஐயா. அந்த ஆறு மாசக் கணக்க மட்டும் தள்ளிப்போடாதீங்க.

விசில் தானா சரியாகாது, டெம்பரவரிலயே சரிபண்ணணும். டெம்பரவரி போடுறதே இதுக்கும்தான். "ச" சொல்லும்போது மேல் கீழ் முன்பல்லுக்கு நடுவுல ஒரு சின்ன சந்து வழியா காத்து போகணும், பல்லு நீளம் கூடவோ குறைச்சலாவோ, உள்பக்கம் நாக்கு தொடுற இடம் ரொம்ப குழியாவோ இருந்தா விசில் வரும். நாக்கு ஒரு வாரம் பத்து நாள்ல கொஞ்சம் பழகிக்கும், அதுக்கு மேலயும் இருந்தா போயி ஸயாமா முன்னாடி உக்காந்து சத்தமா பேசிக் காமிங்க. அவங்க உள்பக்கம் கொஞ்சம் கூட்டி, ராவி, திரும்ப பேசச் சொல்லி, சரியா வர்ற வரைக்கும் பாப்பாங்க. சரியா வந்த அந்த டெம்பரவரிய அப்படியே அளவெடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க.


லேப்_மணி

ஆமா அனுப்பச் சொல்லுங்க, அந்த அளவு வந்தா உள்பக்கம் அதே வளைவுல கடைஞ்சிடலாம். வரலன்னா நாங்க எங்களுக்குத் தெரிஞ்ச அழகுல செய்வோம், எங்களுக்கு உங்க "ச" தெரியாது. ஷேடு என்ன வந்துச்சு?


சிரியம்_வாத்தியார்

ஷேடு ஏ மூணரை. ஜன்னல் பக்கத்துல நிக்க வச்சு எடுத்தாங்க, கரண்ட் இல்லாததும் நல்லதாப் போச்சு.

நேத்து போயிட்டு வந்துட்டேன். ஸயாமாவுக்கு தமிழ் தெரியாது, எது சரியான "ச"ன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால அந்த ஏழு வயசுப் பிள்ளையவும் அவங்கம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். நான் நாற்காலியில படுத்துக்கிட்டு சங்கு சட்டி சக்கரம் சாம்பார்னு சொல்றேன், அது கதவுகிட்ட நின்னுக்கிட்டு "விசில் இருக்கு சார்" "இன்னும் இருக்கு சார்"னு சொல்லுது, ஸயாமா ராவுறாங்க, வெள்ளையா ஏதோ ஒட்டுறாங்க, திரும்ப ராவுறாங்க. நாலாவது தடவை சொன்னேன். அது கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "இப்ப இல்ல சார், ஆனா முன்னாடிதான் நல்லாருந்துச்சு"ன்னுட்டுப் போயிடுச்சு.


மோல்மேன்_செல்வி

அய்யோ அண்ணே :) நிரந்தர கேப் ஒட்டுன அப்புறம் லஃபெத்ல அந்த அவரைக்கொட்டைய மட்டும் பொறுக்கி அண்ணிகிட்ட குடுத்துடுங்க.